ஒரு லென்ஸ், ஒரு ஜன்னல், 36 படங்கள்

"எந்த லென்ஸ் வாங்கலாம்?" என்று யாராவது கேட்டால், "ஒரு மாதம் கழித்துக் கேளுங்கள்" என்பேன். தட்டிக்கழிக்கிறேன் என்று நினைத்து முகம் சுருங்குகிறவர்கள் உண்டு. ஆனால் கையில் இருக்கிற லென்ஸோடு ஒரு மாதம் ஒழுங்காகக் குப்பை கொட்டியவர்கள் யாரும் திரும்பி வந்து அதே கேள்வியைக் கேட்டதில்லை. எது வேண்டும் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கும், அல்லது எதுவும் வேண்டாம் என்று தோன்றியிருக்கும்.

அந்த ஒரு மாதத்தில் என்ன செய்வது என்பதுதான் இந்த வழிகாட்டி. படம் எடுக்கும்போது நாம் எடுக்கும் முடிவுகளுக்கு ஒரு வரிசை இருக்கிறது: எங்கே நிற்பது, வெளிச்சம் எந்தப் பக்கம், ஃபிரேமுக்குள் எது, வெளியே எது, அப்புறம்தான் அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளையின் அளவு), ஷட்டர் (ஒளி உள்ளே விழும் நேரம்). ஃபிலிமா டிஜிட்டலா என்பது கடைசிக் கேள்வி. பெரும்பாலோர் இதை வால்பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். வேண்டியது ஏதாவது ஒரு கேமரா, ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல், கொஞ்சம் பொறுமையாக உட்காரக்கூடிய ஒரு ஆள்.

முதல் படி: ஜூம் வளையத்துக்கு டேப் ஒட்டுங்கள்

ஜூம் லென்ஸ் வைத்திருந்தால் 50 எம்எம்மில் (இந்த எண்தான் குவியத்தூரம்; எண் கூடக் கூடப் பார்வை குறுகும், பொருள் பெரிதாகும்) நிறுத்தி, வளையம் திரும்பாதபடி ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். சென்சார் சிறிதாக இருக்கும் ஏபிஎஸ்-சி கேமரா என்றால் 35-ல் ஒட்டுங்கள், 1.5-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 50-இன் பார்வை வந்துவிடும். போன் என்றால் 1எக்ஸ் மட்டும், திரையில் இரண்டு விரல் வைத்து விரிக்கக் கூடாது. போன்களின் முதன்மை லென்ஸ் பெரும்பாலும் 24 முதல் 28 எம்எம்முக்குச் சமமான வைடு, அதாவது அகலமாகப் பார்க்கும் லென்ஸ். அதனால் கீழே நான் சொல்லும் தூரங்கள் மாறும், பயிற்சி மாறாது.

ஏன் 50? 35 எம்எம் ஃபிலிமில் (இங்கே 35 என்பது ஃபிலிமின் அகலம்) ஒரு ஃபிரேமின் அளவு 24-க்கு 36 மில்லிமீட்டர். சினிமா ஃபிலிமின் 18-க்கு 24 ஃபிரேமை இரட்டிப்பாக்கி, ஃபிலிமைப் பக்கவாட்டில் ஓடவிட்டு ஜெர்மானியப் பொறியாளர் ஆஸ்கர் பார்னாக் அமைத்த அளவு அது. அவர் வடிவமைத்த லைக்கா கேமரா 1925-ல் லைப்சிக் கண்காட்சியில் அறிமுகமானது. இன்றைய ஃபுல் ஃபிரேம் சென்சாரும் அதே செவ்வகம்தான். அதன் மூலைவிட்டம் சுமார் 43 மில்லிமீட்டர். குவியத்தூரம் அதற்குப் பக்கத்தில் இருக்கும் லென்ஸை 'நார்மல்' என்பார்கள். 50 எம்எம் அகலவாக்கில் 40 டிகிரி பார்க்கும். வைடு மாதிரி பிரம்மாண்டம் காட்டாது, டெலி மாதிரி தூரத்தை அள்ளிக்கொண்டு வராது. படம் சப்பென்று இருந்தால் பழியை லென்ஸ் மேல் போட முடியாது. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே-பிரெசோன் தன் வேலையின் பெரும்பகுதியை 50-ஐ வைத்தே முடித்திருக்கிறார்.

முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். விரல் தானாக வளையத்தைத் தேடும். இரண்டாவது வாரத்தில், கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோவதற்கு முன்பே கால் சரியான இடத்தில் போய் நிற்கத் தொடங்கும். அது நடக்கும்வரை டேப்பைப் பிரிக்காதீர்கள்.

இரண்டாம் படி: மூக்குக்கும் காதுக்கும் நடுவே 12 சென்டிமீட்டர்

'வைடு லென்ஸ் முகத்தைக் கெடுத்துவிடும்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். முகத்தின் அமைப்பை மாற்றுவது தூரம்தான், லென்ஸ் பாவம்.

ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்து நேர் எதிரே நில்லுங்கள். அவருடைய மூக்கு நுனியைவிடக் காது 12 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 28 எம்எம்மில் தலையும் தோளும் ஃபிரேமை நிறைக்க வேண்டுமானால் அரை மீட்டர் வரை நெருங்க வேண்டும். அங்கே மூக்கு 50 செ.மீ. தூரத்தில், காது 62 செ.மீ. தூரத்தில். காதோடு ஒப்பிட்டால் மூக்கு 24 சதவீதம் பெருத்துத் தெரியும். 85 எம்எம்மில் முகம் அதே அளவு வர ஒன்றரை மீட்டர் பின்னால் போக வேண்டும்: 150, 162. வித்தியாசம் 8 சதவீதமாகக் குறைந்துவிட்டது. மூக்கு மூக்காக இருக்கிறது.

நம்பிக்கை வரவில்லையா? ஒன்றரை மீட்டரிலேயே நின்று 28-லும் ஒரு படம் எடுங்கள். நடுவில் இருக்கும் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி 85-இன் படத்தோடு வைத்துப் பாருங்கள். தெளிவு குறைந்திருக்கும், ஆனால் மூக்கும் காதும் அதே விகிதத்தில் இருக்கும். கையை நீட்டி எடுக்கும் செல்ஃபியில் மூக்கு பெருத்து வருவதும் இதனால்தான். கையின் நீளம் அவ்வளவுதான், யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே ஒரு முகத்தை எடுப்பதற்கு முன் தூரத்தை முடிவு செய்யுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போது நமக்கும் எதிரே இருப்பவருக்கும் நடுவே இருக்கிற ஒன்றரை, இரண்டு மீட்டர்தான் முகம் இயல்பாகத் தெரியும் தூரம். அங்கே நின்ற பிறகு, எவ்வளவு உள்ளே வர வேண்டும் என்பதற்குத்தான் லென்ஸ். டேப் ஒட்டிய 50-ல் அங்கிருந்து இடுப்புக்கு மேலே வரும். இந்த மாதத்துக்கு அது போதும்.

மூன்றாம் படி: விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலைப் பாருங்கள்

இந்தப் படிக்கு மட்டும் ஒரு முழு வாரம் ஒதுக்குங்கள். நானாக இருந்தால் இரண்டு.

அறையின் விளக்குகளை எல்லாம் அணையுங்கள். ஒளியின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள்: வீட்டு பல்பின் மஞ்சள் சுமார் 2700 கெல்வின். பகல் வெளிச்சம் 5500-ஐ ஒட்டியது. இரண்டும் கலந்தால் ஒரு கன்னம் மஞ்சள், மறு கன்னம் நீலம். ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சரிசெய்யும் வசதி) எப்படித் திருப்பினாலும் ஒன்றைத்தான் சரி செய்ய முடியும். அப்புறம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அரை மணி நேரம் போராடுவதற்குப் பதில் ஸ்விட்சைத் தட்டிவிடலாம்.

நாற்காலியை ஜன்னலிலிருந்து ஒரு மீட்டரில் போடுங்கள். கேமராவை எடுக்க வேண்டாம். உட்கார்ந்திருப்பவரின் மூக்கு நிழலை மட்டும் பாருங்கள். ஜன்னலை நேராகப் பார்க்கச் சொல்லுங்கள்: நிழலே இருக்காது, தோல் வழவழப்பாக, முகம் தட்டையாக இருக்கும். மெதுவாகத் திரும்பச் சொல்லுங்கள். நிழல் கன்னத்தில் நீளும். ஒரு கட்டத்தில் மூக்கின் நிழல் கன்ன நிழலோடு போய்ச் சேர்ந்து, இருட்டுப் பக்கக் கண்ணுக்குக் கீழே ஒரு சின்ன முக்கோணம் மட்டும் வெளிச்சமாக மிஞ்சும். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் வரைந்த முகங்களில் காணப்படுவதால் அவர் பெயரிலேயே வழங்கும் வெளிச்சம் அது. இன்னும் திரும்பினால் முகம் பாதி இருட்டு. ஜன்னலுக்கு முதுகு காட்டினால் வெறும் உருவரை.

இப்போது கண்ணைப் பாருங்கள். கருவிழியில் ஜன்னல் ஒரு சின்னக் கட்டமாகத் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் அந்தக் கண் படத்தில் செத்துக் கிடக்கும். முகவாயை ஒரு விரல்கடை உயர்த்தச் சொன்னால் பல நேரம் கட்டம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்து நாற்காலியை நகர்த்துங்கள். ஒரு சின்ன விளக்கிலிருந்து தூரம் இரட்டிப்பானால் ஒளி கால் பங்காகிவிடும், அதாவது இரண்டு ஸ்டாப் (ஒளி ஒருமுறை பாதியாவது ஒரு ஸ்டாப்) போய்விடும். ஜன்னல் பெரிய பரப்பு என்பதால் கிட்டத்தில் கணக்கு இவ்வளவு கறாராக இருக்காது, போக்கு இதேதான். ஜன்னலை ஒட்டி உட்காரவைத்தால் முகத்துக்கும் பின்சுவருக்கும் வெளிச்ச வித்தியாசம் அதிகம். சுவர் தானாக இருட்டில் ஒதுங்கும். அறையின் உள்பக்கம் தள்ளிப்போட்டால் முகமும் சுவரும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில் வந்துவிடும். கருப்புத் துணி கட்டாமலே பின்னணியைக் கருப்பாக்க இது ஒன்றே போதும்.

நிழலின் ஓரத்தையும் கவனியுங்கள். கிட்டத்தில் ஜன்னல் பெரிதாகத் தெரிவதால் நிழலின் ஓரம் குழைந்து இருக்கும். நான்கு மீட்டர் தள்ளிப் போனால் அதே ஜன்னல் சின்ன விளக்கு மாதிரி ஆகி, ஓரம் கத்தரித்தது போல வரும். சூரியன் எவ்வளவு பெரிதாக இருந்து என்ன, வானத்தில் அதன் அகலம் அரை டிகிரிதான். உச்சி வெயிலில் கண் இருக்கும் இடம் குழி விழுந்து தெரிவது அதனால்தான். மேகம் மூடியதும் வானம் முழுக்கவே விளக்காகிவிடுகிறது. வெயிலில் எடுத்தே தீர வேண்டும் என்றால் ஆளை ஒரு வாசற்படிக்கு உள்ளே, நிழலில் நிறுத்தி வெளியே பார்க்கச் சொல்லுங்கள். அந்த வாசல்தான் இப்போது உங்கள் ஜன்னல்.

நிழல் பக்கம் ரொம்ப இருட்டாக இருந்தால் ஒரு வெள்ளைத் தாளையோ விரிப்பையோ அந்தப் பக்கம் பிடிக்கலாம். ஆனால் இருட்டில் இருக்கும் கண் தெரிய ஆரம்பித்ததும் நிறுத்திவிடுங்கள். நிழலை முழுக்கத் துடைத்துவிட்டால் ஜன்னலைத் தேடிப் போனதே வீண்.

கைவினை செய்பவர்கள் எங்கே உட்காருகிறார்கள் என்று பாருங்கள். ஒருமுறை கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரைப் படம் எடுக்கப் போனேன். பின்னணி சரியில்லை என்று, "ஐயா, கொஞ்சம் இந்தப் பக்கம் உட்கார முடியுமா?" என்றேன். லூப் எனும் பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே, "அங்க உக்காந்தா திருகாணி தெரியாது தம்பி" என்றார். அப்போதுதான் பார்த்தேன்: இடது பக்க ஜன்னலிலிருந்து வந்த வெளிச்சம் அவர் கையில் விழுந்து, மேசை விரிப்பின் வெள்ளையில் பட்டு, கீழிருந்து முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தது. எத்தனையோ வருடமாக அவர் உட்கார்ந்து உட்கார்ந்து கண்டுபிடித்த இடத்திலிருந்து அவரை எழுப்பப் பார்த்திருக்கிறேன். நாற்காலியை அப்படியே விட்டுவிட்டு நான்தான் நகர்ந்தேன்.

நான்காம் படி: நான்கு மூலையும் ஒரு சுற்று

பட்டனை அழுத்துவதற்கு முன் கண் ஃபிரேமின் ஓரத்தை ஒரு சுற்று சுற்றி வரட்டும். ஆளைப் பார்க்காதீர்கள், ஆள் எங்கேயும் போய்விட மாட்டார். தலையிலிருந்து கம்பம் முளைக்கிறதா, அடிவானம் கழுத்தை அறுக்கிறதா, ஓரத்தில் ஏதாவது வெள்ளை பளிச்சென்று கண்ணை இழுக்கிறதா, கை மணிக்கட்டிலோ முழங்கையிலோ வெட்டுப்படுகிறதா. மூட்டில் வெட்டாதீர்கள், இரண்டு மூட்டுக்கு நடுவே வெட்டுங்கள். இதில் பாதிப் பிரச்சினை அரை அடி நகர்ந்தால் தீரும், மீதி முட்டியை மடக்கினால் தீரும்.

மூன்றில் ஒரு பங்கு விதியைப் பற்றிக் கேட்பீர்கள். கோடு போட்டுப் பழகுவதில் தப்பில்லை. ஆனால் ஆளைக் கொண்டுபோய் கோட்டில் நிறுத்திவிட்டு, மிச்ச இரண்டு பங்கில் என்ன இருக்கிறது என்று பார்க்காத படங்களை நிறையப் பார்த்துவிட்டேன். எனக்கு உதவிய பழக்கம் வேறு: பின்னணியை முதலில் ஃபிரேம் செய்துவிட்டு, ஆள் அதற்குள் வரும்வரை காத்திருப்பது. ஆள் வராமலே போன நாட்களும் உண்டு.

ஃபிலிம் எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் கேமரா) வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பல மாடல்களில் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் படத்தின் 92 முதல் 95 சதவீதத்தைத்தான் காட்டும். நீங்கள் ஒதுக்கிவிட்டதாக நினைத்த குப்பைத்தொட்டி ஓரத்தில் வந்து நிற்கும்.

ஐந்தாம் படி: ஸ்டாப் கணக்கு

அப்பர்ச்சரின் எஃப் எண்கள் இவை: 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16. ஒவ்வொரு படியிலும் ஒளி பாதியாகிறது. எஃப் எண் என்பது குவியத்தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தது. 50 எம்எம் லென்ஸில் எஃப் 2 என்றால் துளை 25 மில்லிமீட்டர். அதனால்தான் எண் ஏற ஏறத் துளை சுருங்குகிறது. கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் குவியத்தூரத்துக்குக் கீழே போகாமல் பாருங்கள்: 50-க்கு 1/60 நொடி, 85-க்கு 1/125. ஓடும் குழந்தை என்றால் 1/250-க்காவது போக வேண்டும்.

ஒளியை அளக்கும் மீட்டரே இல்லாமல் எடுக்கவும் வழி உண்டு. நல்ல வெயிலில் எஃப் 16 வைத்து, ஷட்டரை ஐஎஸ்ஓ எண்ணுக்கு (ஃபிலிமோ சென்சாரோ ஒளியை உணரும் திறனின் அளவு) பக்கத்தில் வையுங்கள்; ஐஎஸ்ஓ 400 என்றால் 1/500. லேசான மேகத்துக்கு எஃப் 11, மூடிய வானத்துக்கு 8, நல்ல கருமேகத்துக்கு 5.6. ஒரு வாரம் முதலில் ஊகித்துச் சொல்லிவிட்டு, அப்புறம் மீட்டரைப் பாருங்கள். கண் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

மீட்டரை முழுக்க நம்பவும் வேண்டாம். எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். வெள்ளைச் சுவரைக் காட்டினால் அழுக்குச் சுவராக்கும், கருப்புச் சட்டையைக் காட்டினால் வெளுத்துப்போன சட்டையாக்கும். வெள்ளைக்கு ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் கூட்டுங்கள், கருப்புக்கு அதே மாதிரி குறையுங்கள்.

ஆறாம் படி: ஃபிலிமா, டிஜிட்டலா

முதலில் எக்ஸ்போஷரில், அதாவது எவ்வளவு ஒளி விழ வேண்டும் என்பதில், இரண்டும் எதிரெதிர். நெகட்டிவ் ஃபிலிம் தாராளமாக வெளிச்சம் வாங்கும். ஒரு ஸ்டாப், இரண்டு ஸ்டாப் கூடினாலும் பிரிண்ட்டில் சரிக்கட்டலாம். குறைந்தால்தான் ஆபத்து: நிழலில் வெள்ளி படியாமல் போனால், எந்த ரசாயனமும் அங்கே உருவத்தைக் கொண்டுவராது. அதனால் பலர் ஐஎஸ்ஓ 400 ஃபிலிமை 200 என்று வைத்து எடுப்பார்கள். டிஜிட்டலில் ஹைலைட் (பிரகாசமான இடம்) ஒருமுறை வெளுத்தால் வெளுத்ததுதான், நிழலை ஓரளவு தூக்கிக்கொள்ளலாம். ஸ்லைடு ஃபிலிமும் (நெகட்டிவ் ஆகாமல் நேராகவே படமாக வரும் ஃபிலிம்) இந்த விஷயத்தில் டிஜிட்டல் கட்சி; அரை ஸ்டாப் தவறினாலே காட்டிக்கொடுத்துவிடும். சுருக்கமாக, நெகட்டிவில் நிழலை அளந்து எடுங்கள், டிஜிட்டலில் பிரகாசமான இடத்தைக் காப்பாற்றுங்கள்.

டிஜிட்டலில் ரா கோப்பாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருப்பது) எடுப்பது நல்லது. 8 பிட் ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிநிலை. 14 பிட் ராவில் 16,384. நிழலைத் தூக்கும்போது அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

தரத்தைப் பற்றிய சண்டையில் எனக்கு ஆர்வம் போய்விட்டது. 1975-ல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமராவின் படம் 100-க்கு 100 புள்ளிகள், கருப்பு வெள்ளை. அதை கேசட்டில் பதிய 23 நொடி பிடித்தது. அன்று அதை ஃபிலிமோடு ஒப்பிட்டிருந்தால் அர்த்தம் இருந்தது. இன்று இருக்கும் பெரிய வித்தியாசம், செய்த தவறு எப்போது தெரியவருகிறது என்பதில். டிஜிட்டலில் அடுத்த நொடியே. ஃபிலிமில் கழுவி வரும்வரை தெரியாது.

எனக்கு ஒருமுறை கழுவிய பிறகு தெரிந்தது. ஒரு நாள் முழுக்க அலைந்து எடுத்த, 36 படம் கொள்ளும் ரோல். கேமராவில் படங்களின் எண் 36-ஐத் தாண்டி 37, 38 என்று போனபோது, கூடுதலாக இரண்டு படம் கிடைக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். 40-ல்தான் வயிற்றைப் பிசைந்தது. ஃபிலிமின் நாக்கு, அதை இழுத்துச் சுற்றிக்கொள்ளும் ஸ்பூலில் மாட்டவே இல்லை. காலையிலிருந்து ஒரே இடத்தில் நின்றிருக்கிறது. ஆனாலும் மனசு கேட்காமல் கழுவிப் பார்த்தேன், கண்ணாடி மாதிரி வந்தது. அதிலிருந்து ரோல் போட்டதும், ஃபிலிமைத் திரும்பச் சுற்றும் கைப்பிடியை லேசாகத் திருப்பி ஃபிலிமை இறுக்கிவிடுகிறேன். அடுத்து லீவரை இழுக்கும்போது அந்தக் கைப்பிடி தானாகச் சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் ஃபிலிம் ஓடவில்லை. ஃபிலிமுக்கு வருகிறவர்கள் முதல் நாளே பழகிக்கொள்ள வேண்டியது இது.

வேடிக்கை என்னவென்றால், அந்த 36 படங்களில் பாதிக்கு மேல் இன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் எங்கே நின்றேன், எந்தப் பக்கம் வெளிச்சம் என்று சொல்ல முடியும். அதே வருடம் டிஜிட்டலில் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் கோப்பைத் திறக்காமல் பத்துகூடச் சொல்ல வராது.

இந்தப் பயன் கிடைக்க ஃபிலிம் கேமரா இருந்துதான் ஆக வேண்டும் என்று இல்லை. கேமராவில் படம் எடுத்ததும் திரையில் காட்டும் வசதியை அணையுங்கள். ஒரு நாளைக்கு 36 என்று எண்ணி நிறுத்துங்கள். அழிப்பது கூடாது. ஒரு வாரம் கழியும்வரை கம்ப்யூட்டரில் ஏற்றுவதும் கூடாது. அமெரிக்கத் தெருப் புகைப்படக்காரர் கேரி வினோகிராண்ட் இதை எல்லை தாண்டிச் செய்தவர்: எடுத்த நேரத்து உணர்ச்சி வடியட்டும் என்று ரோல்களைக் கழுவாமல் தள்ளிப்போடுவார். 1984-ல் அவர் இறந்தபோது சுமார் 2,500 ரோல்கள் கழுவப்படாமல் கிடந்தன. நமக்கு ஒரு வாரம் போதும்.

ஏழாம் படி: சின்னப் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்புங்கள்

மாதக் கடைசியில் எது நல்ல படம் என்று தேட வேண்டாம். தோன்றிய ஐம்பது படங்களைச் சின்ன அளவில் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்பி, தலைகீழாகத் திருப்பி வையுங்கள். முகம் யாருடையது என்பது மறைந்துபோய், வெளிச்சமும் வடிவமும் மட்டும் தெரியும். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலில் எழுதுங்கள். எத்தனை மீட்டரில் நின்றீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

என் முதல் மாதப் படங்களில் முக்கால்வாசி மூன்று மீட்டர். ஆளிடம் போய்ப் பேசக் கூச்சம், அவ்வளவுதான். டெலி லென்ஸ் வாங்கியிருந்தால் அந்தக் கூச்சத்துக்குத் தீனி போட்டிருப்பேன். அடுத்த மாதம் ஒன்றரை மீட்டர் என்று எனக்கு நானே கட்டுப்பாடு போட்டுக்கொண்டேன்.

இப்போது லென்ஸ் கேள்விக்கு வரலாம். பின்னால் போக இடமில்லாமல் சுவரில் முதுகு இடித்த படங்களைத் தனியாக அடுக்குங்கள். முன்னால் போக முடியாமல் வேலியோ தண்ணீரோ மேடையோ தடுத்த படங்களை இன்னொரு அடுக்காக வையுங்கள். போக முடிந்தும் போகாமல் விட்டவை இதில் சேராது. முதல் அடுக்கு உயரமாக இருந்தால் 28 அல்லது 35 பாருங்கள், இரண்டாவது என்றால் 85 அல்லது அதற்கு மேல். இரண்டிலும் நான்கைந்துதான் தேறுகிறது என்றால் டேப் இன்னும் ஒரு மாதம் அங்கேயே இருக்கட்டும்.